கணவருக்குத் தெரியக்கூடாத எண்

பேருந்து நிலையத்தின் பின்பக்கம், டயர் கிடங்கை ஒட்டினாற்போல் ஓர் அறை இருக்கிறது. பயணிகள் தவறவிட்ட பொருட்களெல்லாம் அங்கேதான் வந்து சேரும். அதற்குப் பொறுப்பாளராக இருப்பவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று உண்டு. நிலையத்தில் யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. குடையோ பல்செட்டோ, ஒரு பொருளின் சொந்தக்காரரைத் தேடிப் பிடித்துவிட்டால் தொலைபேசியில் அவர் வாயிலிருந்து முதலில் வரும் வார்த்தை "கிடைச்சாச்சு!" என்பதுதான். அதுவே பெயராக ஒட்டிக்கொண்டது. சம்பளப் பிரிவுக்காரர்கூட அவரை அப்படித்தான் கூப்பிடுவார்.

அந்த வேலைக்கென்றே பிறந்தவர் அவர். பூட்டிய பெட்டி வந்தால் உடைக்க மாட்டார். கைப்பிடியில் கட்டிய நாடா, மூலையில் ஒட்டிய சீட்டு, குலுக்கினால் கேட்கும் சத்தம் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு எண் பூட்டை நாலைந்து தரம் திருகுவார். பெட்டி வாயைத் திறந்துவிடும். "இதுல என்ன வித்தை? பாதிப் பேரு கடைக்காரன் வச்ச நம்பரை மாத்துறதே இல்ல. மீதிப் பேரு பொறந்த நாளு, வீட்டு நம்பருன்னு தன்னைச் சேர்ந்ததை விட்டு வேற நம்பர் வைக்கிறதில்ல" என்பார்.

அவர் மனைவி அரசு மருத்துவமனையின் ஆய்வகத்தில் ரத்தம் எடுப்பவர். மற்றவர்கள் குத்திக் குத்திப் பார்த்துவிட்டு, "இவருக்கு நரம்பே இல்லை" என்று கைவிட்ட நோயாளிகளை அவரிடம்தான் அனுப்புவார்கள். ஒரே குத்து, வேலை முடிந்துவிடும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் மருத்துவமனை ஊழியர்களை ஒரு நாள் உல்லாசமாக வெளியே அழைத்துப் போனபோது, துப்பாக்கி சுடும் கழகத்துக்கும் கூட்டிப் போனார்கள். விளையாட்டுக்கு ஆளுக்கு ஐந்து குண்டு சுடக் கொடுத்தார்கள். அந்த அம்மாளின் இலக்கு அட்டையை எடுத்துப் பார்த்த பயிற்சியாளர், அட்டையையும் ஆளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "இதுக்கு முன்னாடி எங்கம்மா சுட்டிருக்கீங்க?" என்று கேட்டார்.

"குத்தினதுதான் உண்டு, சுட்டதில்ல" என்றார் அந்த அம்மாள்.

அன்றைக்குப் பிடித்த பித்து. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கழகத்துக்குப் போனார். கழகத்தின் கைத்துப்பாக்கியை வைத்தே சுட்டுப் பழகினார். கிடைச்சாச்சு கூடவே பேருந்தில் போவார். உறுப்பினரல்லாதவர்களை உள்ளே விடமாட்டார்கள் என்பதால் வாசலில் டீ குடித்துக்கொண்டு, உள்ளே கேட்கும் வெடிகளில் எது தன் மனைவியுடையது என்று காவலாளியுடன் பந்தயம் கட்டுவார்.

இப்போது மாநிலப் போட்டி வருகிறது. வேறு ஊரில் நடக்கிறது. கழகத்துத் துப்பாக்கி கழகத்தின் வாசலைத் தாண்டக்கூடாது. போட்டிக்குப் போக வேண்டுமானால் சொந்தத் துப்பாக்கி வேண்டும். சொந்தத் துப்பாக்கிக்கு உரிமம் வேண்டும். உரிமச் சட்டமோ கறாரான சட்டம். எழுத்துத் தேர்வு, கண் சோதனை, மனநல மருத்துவர், அக்கம்பக்கத்தில் விசாரணை, கடைசியாக வீட்டில் பரிசோதனை. இத்தனையும் தாண்டிய பிறகுதான் கடைக்குள்ளேயே கால் வைக்கலாம்.

தேர்விலும் கண் சோதனையிலும் அந்த அம்மாள் ஊதித் தள்ளிவிட்டார். மனநல மருத்துவர் இளைஞர். பேனாவை உருட்டிக்கொண்டே கேட்டார்.

"கோபம் வந்தா என்ன செய்வீங்க?"

"பாத்திரம் தேய்ப்பேன்."

"ரொம்பக் கோபம் வந்தா?"

"அடிப்பிடிச்ச பாத்திரமா எடுத்துத் தேய்ப்பேன்."

மருத்துவர் எழுதிக்கொண்டே, "எங்க வீட்டுக்கும் ஒரு நாள் கோபமா வாங்க" என்றாராம். பேருந்தில் வரும்போது மனைவி இதைச் சொல்ல, கிடைச்சாச்சு சிரித்த சிரிப்பில் நடத்துநர் திரும்பிப் பார்த்தார்.

அக்கம்பக்க விசாரணையும் நல்லபடியாகவே முடிந்தது. கீழ்வீட்டுத் தையல்காரரிடம், "மாடி வீட்டம்மா யாரையாவது மிரட்டியிருக்காங்களா?" என்று காவலர் கேட்டபோது அவர் தயங்காமல், "என்னையே மிரட்டியிருக்காங்க" என்றார். காவலர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "சுகர் டெஸ்டுக்கு வரலேன்னா வீட்டுக்கே வந்து ஊசியை இறக்கிடுவேன்னு படியில வச்சு மிரட்டினாங்க சார். போனேன். சுகர் இருந்துச்சு. நல்ல மனுஷி."

மீதியிருந்தது வீட்டுப் பரிசோதனை ஒன்றுதான். துப்பாக்கியை வைக்கும் இரும்புப் பெட்டியைச் சுவரோடு முடுக்கியிருக்க வேண்டும். அதை உரிமம் வாங்குபவரைத் தவிர வேறு யாராலும் திறக்க முடியக்கூடாது. கட்டிய கணவர், பெற்ற பிள்ளை என்று யாருக்கும் விலக்கு கிடையாது. சட்டக் கல்லூரியில் கடைசி வருஷம் படிக்கும் மகள் இந்த விதியைச் சாப்பாட்டு மேசையில் உரக்கப் படித்துக் காட்டினாள். கிடைச்சாச்சு தலையாட்டிக்கொண்டே சாப்பிட்டார். எந்தக் காதில் வாங்கி எந்தக் காதில் விட்டாரோ.

பரிசோதனைக்கு வந்த உரிமப் பிரிவு அதிகாரி ஒரு பெண்மணி. சிரிக்கத் தெரிந்தும் சிரிக்காத முகம். படுக்கையறை அலமாரிக்குள் இருந்த இரும்புப் பெட்டியை இரண்டு கையாலும் பிடித்து இழுத்துப் பார்த்தார். பெட்டி அசையவில்லை, கொஞ்சம் சுண்ணாம்புதான் உதிர்ந்தது. தோட்டாவுக்குத் தனிப் பெட்டி இருக்கிறதா என்று பார்த்தார். இருந்தது. திருப்தியாகக் கூடத்துக்கு வந்து உட்கார்ந்தார்.

"பெட்டிச் சாவி எங்க இருக்குன்னு உங்களுக்குத் தெரியுமா சார்?"

எல்லாம் நன்றாகப் போகிற மகிழ்ச்சியில் கிடைச்சாச்சு இருந்தார். கேள்வி காதில் விழுந்ததும் அலுவலகப் பழக்கம் தலைதூக்கிவிட்டது.

"தெரியாம என்ன மேடம்! இதோ."

எழுந்து போனார். தையல் மெஷினின் அடிப்பலகையை நெம்பி, நூல்கண்டு ஒன்றின் ஓட்டைக்குள்ளிருந்து சாவியை உருவி எடுத்துவந்து அதிகாரியின் முன்னால் வைத்தார். முகத்தில் அப்படியொரு பெருமிதம். மகள் தலையில் கை வைத்துக்கொண்டாள். மனைவி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அதிகாரி பேனாவை மூடினார். "சாவி இருக்கிற இடத்தை இவங்க உங்ககிட்ட சொல்லியிருக்கக் கூடாது."

"ஐயோ, அவ சொல்லவே இல்ல மேடம்! நானாத்தான் கண்டுபிடிச்சேன்."

"சொல்லியிருந்தா ஒரு தப்பு. சொல்லாமலே நீங்க எடுத்தீங்கன்னா அது பெரிய தப்பு." எழுந்து நின்றுகொண்டார். "மறுபரிசோதனைக்கு ஒரு வாய்ப்பு உண்டு. அதுலயும் இதே கதைன்னா அடுத்த வருஷம்தான் மனு போட முடியும்."

அடுத்த வருஷம் என்றால் இந்த வருஷப் போட்டி போயிற்று என்று அர்த்தம். அதிகாரி படியிறங்கிப் போனார். கொஞ்ச நேரத்தில் சமையலறையிலிருந்து சத்தம் வந்தது. கரகரவென்று பாத்திரம் தேய்க்கிற சத்தம்.

"அடிப்பிடிச்சதாப்பா?" என்று மகள் ரகசியமாகக் கேட்டாள்.

கிடைச்சாச்சு எட்டிப் பார்த்துவிட்டு வந்தார். "இல்லம்மா, நல்ல பாத்திரம். நல்ல பாத்திரத்தையே தேய்ச்சுக்கிட்டிருக்கா."

"போச்சு" என்றாள் மகள்.

அவர் சமையலறை வாசலில் போய் நின்றார். "நான் வேணும்னா போட்டி முடியறவரைக்கும் தங்கச்சி வீட்டுல போய் இருந்துக்கறேனே."

"சாப்பாட்டுக்கு?"

"சாப்பாட்டுக்கு இங்க வந்துடுவேன்."

தேய்க்கிற சத்தம் நின்றது. முதுகைக் காட்டி நின்ற மனைவியின் தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று ஓர் அடி முன்னால் வைத்தார். அழவில்லை, சிரித்துக்கொண்டிருந்தார். "உங்களைக் கட்டிக்கிட்டு நான் எதைத்தான் ஒளிச்சு வைக்கிறது?" என்றார்.

சாவியே வேண்டாம் என்று முடிவாயிற்று. பொத்தானை அழுத்தித் திறக்கிற எண் பூட்டுப் பெட்டி வந்தது. தையல்காரரின் துளையிடும் கருவியை இரவல் வாங்கி மகளே அதைச் சுவரில் முடுக்கினாள். நாலு இலக்க எண் ஒன்றை மனைவி கதவைச் சாத்திக்கொண்டு பதிந்தார். வெளியே வந்து, "போய்த் திறந்து பாருங்க" என்றார்.

"நான் எதுக்கு? இன்னொரு தரம் வம்பு வேணாம்."

"நீங்க அந்தம்மா முன்னாடி திறக்கிறதுக்கு இப்பவே திறந்துட்டா நல்லது. போங்க."

கிடைச்சாச்சு அரை மனதாகத்தான் போய் உட்கார்ந்தார். கை பொத்தானில் பட்டதும் அரை மனது முழு மனதாகிவிட்டது. பெட்டி திறந்துகொண்டது. மகள் பிறந்த வருஷம்.

அடுத்த நாள் வேறு எண். அதுவும் திறந்தது. "கல்யாண நாளைத் திருப்பிப் போட்டா தெரியாதுன்னு நினைச்சியா?" என்று கேட்டார். அதற்கடுத்து மனைவி கண்ணை மூடிக்கொண்டு, விரல் போன பக்கமெல்லாம் அழுத்தி ஓர் எண்ணை வைத்தார். அவர் டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்துப் பொத்தான்களைப் பார்த்தார். "மருத்துவமனையில கை கழுவிக் கழுவித் தோல் வறண்டுபோச்சுன்னு கிரீம் தடவறே இல்ல? நாலு பொத்தான் மட்டும் மினுமினுக்குது." பெட்டி நடுநடுவே கொஞ்ச நேரம் பூட்டிக்கொண்டாலும் விடாமல், நாலு எண்ணை எத்தனை விதமாய் மாற்றிப் போட முடியுமோ அத்தனையும் போட்டுப் பார்த்தார். திறந்தது.

"அப்பா, நீங்க நல்லவரா இருக்கறது நாட்டுக்கு நல்லது" என்றாள் மகள்.

அதற்குப் பிறகு மனைவி பொத்தான்களைப் பஞ்சால் துடைத்துவிட்டு, ரொம்ப யோசித்து, பழைய எண் ஒன்றை வைத்தார். அவர் பெட்டியின் முன்னால் உட்காரக்கூட இல்லை, நின்றவாக்கிலேயே அழுத்தினார்.

"உங்கம்மா வீட்டுப் பழைய போன் நம்பரோட கடைசி நாலு. அந்த நம்பருக்கு எத்தனை தரம் அடிச்சிருப்பேன்! உங்கப்பா எடுப்பாரு, நான் டக்குன்னு வச்சிடுவேன்."

"அது நீங்கதானா? அப்பா ஊர்ல இருக்கிற கடன்காரனையெல்லாம் சந்தேகப்பட்டாரு!"

சிரித்துச் சிரித்து மகள் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். மனைவியும் சிரித்தார். ஆனால் சிரிப்பு அடங்கியதும் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, திறந்து கிடந்த பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். பெட்டிக்குள் ஒன்றுமில்லை. உரிமம் வராமல் துப்பாக்கி வராது. இத்தனை நாளும் இத்தனை பாடும் ஒரு காலிப் பெட்டிக்காகத்தான்.

"என்கிட்ட உங்களுக்குத் தெரியாதது ஒண்ணுமே இல்லையா?"

வேறு நேரமாக இருந்தால் இதை ஒரு பாராட்டாக எடுத்துக்கொண்டு அவர் மீசையைத் தடவியிருப்பார். அந்தக் குரலில் இருந்தது பாராட்டு இல்லை என்பது அவருக்கே தெரிந்தது. டார்ச்சை அணைத்தார், போட்டார், அணைத்தார்.

"நடிச்சிடுங்களேன்பா" என்றாள் மகள். "தெரிஞ்சாலும் தெரியாத மாதிரி அந்தம்மா முன்னாடி சும்மா கையைப் பிசைஞ்சுக்கிட்டு நில்லுங்க. யாருக்குத் தெரியப் போகுது?"

"சட்டம் படிக்கிற பொண்ணு பேசற பேச்சா இது?" என்று மனைவி அதட்டினார். "பொய் சொல்லித்தான் வாங்கணும்னா எனக்கு அது வேணவே வேணாம். உங்கப்பா பொய் சொன்னா காது ரெண்டும் தக்காளி மாதிரி சிவக்கும். அந்தம்மா கண்ணுல படாம இருக்குமா?"

ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல் கழகத்துக்குப் போனார்கள். மனைவி அன்றைக்கு நெடுநேரம் உள்ளேயே இருந்தார். வெளியே வந்தபோது முகத்தில் ஏதோ தெளிவு. பேருந்தில் ஜன்னலுக்கு வெளியே பார்த்துத் தனக்குத்தானே புன்னகைத்துக்கொண்டு வந்தார். வீட்டுக்கு வந்ததும் கதவைச் சாத்திக்கொண்டு எண்ணை மாற்றினார். எல்லாப் பொத்தானையும் துடைத்தார்.

கிடைச்சாச்சு கையைத் தேய்த்துக்கொண்டு கிளம்பினார். "பார்க்கவா?"

"இப்ப வேணாம். அந்தம்மா முன்னாடியே பாருங்க."

"அடியே, அங்க நான் திறந்துட்டா?"

"திறந்தா திறங்க" என்றார் மனைவி. அந்தத் தைரியம்தான் அவரை என்னவோ செய்தது.

மறுபரிசோதனை வரைக்கும் கிடைச்சாச்சு பட்ட பாடு சொல்லி மாளாது. படுக்கையறைப் பக்கமே போகவில்லை. சட்டைகளைக்கூடக் கூடத்துக் கொடியில் போட்டுக்கொண்டார். வேலையில் கவனம் பிசகியது. யாரோ ஒருவரின் காது கேட்கும் கருவியை இன்னொருவரிடம் கொடுத்துவிட்டார்; அந்த ஆள் தனக்குக் காது நன்றாகவே கேட்கும் என்று திருப்பிக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார். நிலையத்தில் அதுவரை நடக்காத விஷயம்.

அந்த நாளும் வந்தது. அதே அதிகாரி, அதே முகம். பெட்டியை இழுத்துப் பார்த்தார். இந்த முறை சுண்ணாம்புகூட உதிரவில்லை. கூடத்துக்கு வந்து உட்கார்ந்து மகள் கொடுத்த டீயை வாங்கிக்கொண்டார்.

"சார், பெட்டியோட எண் உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது மேடம்" என்றார் கிடைச்சாச்சு. அதோடு நிறுத்தியிருக்கலாம். "ஆனா கொஞ்சம் முயற்சி பண்ணினா..."

"அப்பா!" என்று மகள் அலறினாள்.

அதிகாரி டீயை உறிஞ்சினார். "பண்ணுங்க. அதைப் பார்க்கத்தானே வந்திருக்கேன்."

கிடைச்சாச்சு பெட்டியின் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்தார். பெண்கள் மூவரும் பின்னால் நின்றார்கள். பொய்யாகத் தப்பு எண்ணை அழுத்தலாம் என்ற எண்ணம் ஒரு கணம் வந்து எட்டிப் பார்த்தது. காது சூடாவது போலிருந்தது. அதைத் துரத்திவிட்டு, நேர்மையாகவே தேட ஆரம்பித்தார்.

மகளின் கல்லூரிப் பதிவு எண். இல்லை. முதலில் குடியிருந்த வாடகை வீட்டின் எண்ணும் பேருந்து எண்ணும் சேர்ந்தது. இல்லை. அவர் வேலையில் சேர்ந்த வருஷம். பெட்டி கோபமாக ஒரு சத்தம் போட்டுத் தன்னைத்தானே பூட்டிக்கொண்டது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் மறுபடி கேட்கும். அதிகாரி இன்னொரு டீ குடித்தார். மறுபடி முயன்றார். ஆய்வகத்தின் உள்தொடர்பு எண். இல்லை. மனைவியின் செருப்பு அளவும் கண்ணாடியின் பவரும் சேர்ந்தது. இல்லை. மச்சான் வண்டி எண். பெட்டி மறுபடியும் சத்தம் போட்டது.

அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு திரும்பி மனைவியைப் பார்த்தார். முகத்தைப் பார்த்தால் ஏதாவது ஒன்று எப்படியும் அகப்பட்டுவிடும். இத்தனை வருஷமும் அகப்பட்டிருக்கிறது. ஆனால் அந்த முகம் இப்போது வேறு மாதிரி இருந்தது. கோபமில்லை, பயமில்லை, கேலியுமில்லை. மூச்சை மெல்ல விட்டு, பார்வையை ஓரிடத்தில் நிறுத்தி, சுற்றியிருக்கிற எதையும் உள்ளே விடாத முகம். இந்த முகத்தை அவர் பார்த்ததே இல்லை. எங்கே பார்த்திருக்க முடியும்? அது கழகத்துக்குள்ளே, குறி பார்க்கும்போது வைத்துக்கொள்கிற முகம். அவர் வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்.

அந்த எண்ணும் அங்கேயிருந்துதான் வந்திருக்கிறது என்பது அவருக்குப் பளிச்சென்று புரிந்தது. ஏதோ ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஏதோ ஓர் அட்டை, அவள் மட்டும் பார்த்துத் தலையாட்டிக்கொண்ட ஏதோ ஒன்று. அதில் அவர் இல்லை, மகள் இல்லை, அம்மா வீடு இல்லை. எத்தனை நாள் மண்டியிட்டாலும் அதைத் தன்னால் எட்ட முடியாது. கல்யாணமாகி இத்தனை காலத்துக்கப்புறம் தன் பெண்டாட்டியிடம் தனக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. வருத்தம் வரும் என்று எதிர்பார்த்துக் காத்திருந்தார். வரவில்லை. வயிற்றிலிருந்து ஒரு சிரிப்புத்தான் கிளம்பி வந்தது.

"முடியல மேடம்!" என்று கத்தினார். "சத்தியமா முடியல! இவ என்ன நம்பர் வச்சிருக்கான்னு எனக்கு ஒரு மண்ணும் தெரியல!"

அதிகாரி அவர் முகத்தையும் சிவக்காத காதுகளையும் உற்றுப் பார்த்தார். பிறகு மனைவியைப் பார்த்து, "நீங்க திறந்து காட்டுங்கம்மா. மத்தவங்க திரும்பி நில்லுங்க" என்றார்.

மகள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். கிடைச்சாச்சு எழுந்து கூடத்துக்கே ஓடினார். கண்ணை இறுக மூடிக்கொண்டு, இரண்டு காதிலும் விரலை அடைத்துக்கொண்டார்.

"காதை எதுக்கு சார்?" என்ற கேள்வி அடைப்பைத் தாண்டி லேசாகக் கேட்டது.

"பொத்தான் சத்தத்தை வச்சுக் கண்டுபிடிச்சிடுவேன் மேடம்! வேணாம்!"

விரலை நம்பாமல் சத்தம் போட்டுப் பாடவும் ஆரம்பித்தார். பாட்டென்று சொல்ல முடியாது. பேருந்து நிலையத்தில் கேட்கிற அறிவிப்புகளையே ராகம் போட்டு இழுத்தார். ஊர் ஊராக வண்டிகள் புறப்பட்டன, தாமதமாயின, நடைமேடை மாறின. மூச்சு முட்டினாலும் நிறுத்தவில்லை. நாலு பொத்தான் அழுத்த எவ்வளவு நேரமாகும் என்று கணக்குப் போட்டார். எதற்கும் இருக்கட்டும் என்று இன்னும் ஐந்தாறு வண்டிகளை அனுப்பினார்.

தோளில் ஒரு கை பட்டது. கண்ணைத் திறந்தார். எதிரே மனைவி நின்றுகொண்டிருந்தார். நாற்காலி காலியாக இருந்தது. கீழே வாசலில் மகள் தையல்காரரிடம் மூச்சு விடாமல் ஏதோ சொல்லிக்கொண்டிருப்பது மாடி வரை கேட்டது.

"மேடம் எங்க?"

"கையெழுத்துப் போட்டுட்டுப் போய் எவ்வளவு நேரமாச்சு!"

"போட்டாச்சா!" அவர் குதித்த குதியில் மேசைமேல் இருந்த டீ கிளாஸ் ஆடியது. பிறகுதான் அவருக்குச் சந்தேகம் வந்தது. "அவ்வளவு நேரமாச்சுன்னா என்னை ஏன் கூப்பிடலே? அதுவரைக்கும் நீ என்ன பண்ணிட்டிருந்தே?"

"சும்மா பார்த்துக்கிட்டிருந்தேன்" என்றார் மனைவி.